தொட்டி மேல் ஒரு ஓடிபி, ஆப்பிரிக்காவில் ஒரு ஓடிபி

என் கணவர் போர்வெல் வண்டியோடு ஆப்பிரிக்காவுக்குப் போனபோது, தன் இந்திய சிம் கார்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிற ஆண்கள் எல்லோரும் செய்வதுதான். அதைப் பழைய பட்டன் போன் ஒன்றில் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வங்கியிலிருந்து ஓடிபி எண் வந்தால் அவருக்கு வாசித்துச் சொல்ல வேண்டும். மனைவிக்கு அவ்வளவுதான் வேலை.

எங்கள் வீடு நாமக்கல் பக்கம் புதுச்சத்திரத்தில் ஹைவேயை விட்டு உள்ளே தள்ளி, எங்கள் கோழிப்பண்ணையை ஒட்டி இருக்கிறது. என் போனுக்கு வீட்டுக்குள்ளேயே சிக்னல் கிடைக்கும். அவருடைய சிம் வேறு கம்பெனி. அதற்குச் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்: பண்ணைக்குப் பக்கத்தில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில். ஆகவே ஓடிபி வேண்டுமென்றால் இரும்பு ஏணியில் பதினான்கு படி ஏற வேண்டும்.

அவர் போய் மூன்றாவது வருடம். தினமும் நமக்கு உச்சிப்பொழுது, அவருக்கு விடியற்காலையில் வீடியோ காலில் வருவார். பெரிதாக ஒன்றும் பேசமாட்டோம். "என்ன கொழம்பு?" என்பார். நான் சொல்லுவேன். மாமனார் குறுக்கே வந்து போனை வாங்கிக் கோழிகளைக் காட்டுவார். அவர் பதிலுக்கு அங்கே துளையிட்ட குழியைக் காட்டுவார்.

அந்த நாட்டில் தேர்தல் நடந்தது. தோற்றவர்கள் முடிவை ஒப்புக்கொள்ளவில்லை. சனம் தெருவில் இறங்கியதும் அரசாங்கம் இன்டர்நெட்டை நிறுத்திவிட்டது. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அன்று பன்னிரண்டு மணிக்கு போன் வரவில்லை என்பது மட்டும்தான். நம்மூர்ச் செய்திகளில் அந்த நாட்டின் பேர்கூட வராது. இரண்டு நாள் அப்படியே போனது. நான் குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டேன். மாமனார் அதைச் சாப்பிட்டுவிட்டு, கோழிகளுக்கு இரண்டு முறை தீவனம் போட்டார்.

மூன்றாம் நாள் என் போனுக்கு, கூட்டல் குறியோடு ஏதோ நீளமான எண்ணிலிருந்து சாதாரண கால் வந்தது. நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். மாமனார் எடுத்தார்.

"யாருங்க?"

"அப்பா, நாந்தானுங்க."

"போன வாரம் ஒருத்தன் இப்படித்தான் நாந்தானுங்க, பேங்க் மேனேசருங்கன்னான். வெய்யிடா போனை!"

வைத்துவிட்டார். மறுபடி அடித்தது.

"அப்பா, கட் பண்ணிராதீங்க. இங்க நெட்டை நிறுத்திப்போட்டாங்க..."

"என்ற பையன் கொரலு எனக்குத் தெரியாதா? நீ சளி புடிச்சவனாட்டப் பேசற."

மறுபடி வைத்துவிட்டார். வெளிநாட்டு எண்ணில் கூப்பிட்டு ஏமாற்றுகிறார்கள் என்று டிவியில் சொன்னதை அவர் அவ்வளவு சிரத்தையாகக் கேட்டிருந்தார். மூன்றாம் முறை அடித்தபோது பரீட்சை வைத்தார்.

"நீ என்ற பையன்னா, நம்ம செவலைக் காளை எந்தக் கால்ல நொண்டும்? சொல்லு பாக்கலாம்."

"செவலை எங்கீங்கப்பா நொண்டுச்சு? கருப்புதான் நொண்டும். பின்னங்கால் எடதுல."

"வலது."

"எடதுங்கப்பா."

"வலதுடா! வைத்தியனைக் கூட்டியாந்தது நானா, நீயா?"

"மருந்து கட்டுனது நானுங்கப்பா!"

ஈரக்கையோடு ஓடிவந்து போனைப் பிடுங்கினேன். இப்போது எங்களிடம் இல்லாத காளையின் காலுக்காக என் மாமனாரிடம் இப்படி மல்லுக்கு நிற்க உலகத்தில் ஒரே ஒருவரால்தான் முடியும். "ஏனுங்க, நல்லா இருக்கீங்களா?" என்றேன். "நல்லா இருக்கறேன், இந்தா பாரு..." என்பதோடு அவருக்கு பேலன்ஸ் தீர்ந்துபோனது. ரீசார்ஜ் அட்டை விற்கிற கடைகள் அங்கே பாதி நாள் மூடியே கிடந்தனவாம். நான் திருப்பி அடித்தால் இந்தத் தடத்தில் எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன என்று ஒரு பெண் சொன்னாள். அவராகக் கூப்பிட்டால்தான் உண்டு.

அடுத்த நாள் அட்டை கிடைத்து அவர் கூப்பிட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அவருடைய விசா முடிய இன்னும் பன்னிரண்டு நாள். வழி நெடுக சோதனைச் சாவடி போட்டிருக்கிறார்கள். காலாவதியான விசாவோடு மாட்டினால் உள்ளே வைத்துவிடுவார்கள், விமானத்திலும் ஏற்றமாட்டார்கள்.

"போயிப் புதுப்பிச்சுப் போடுங்க."

"போனேன். ஆன்லைன்ல மட்டும்தான் வாங்குவோம்னு ஆபீஸ் கதவுல ஒட்டி வெச்சிருக்கறான்."

"நெட்டுதான் இல்லீங்களே?"

"அதையுந்தான் பக்கத்துலயே ஒட்டி வெச்சிருக்கறான்."

ஆகவே அந்த நாட்டு விசாவை நான் எங்கள் தோட்டத்து வீட்டிலிருந்து போட வேண்டும் என்று முடிவானது. நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். அதற்குப் பிறகு கம்ப்யூட்டரைத் தூசு துடைக்கத்தான் தொட்டிருக்கிறேன். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கும் மகள் விட்டுப்போன லேப்டாப் ஒன்று இருந்தது. பேட்டரி செத்துப்போய், வயரைச் சொருகினால்தான் அதற்கு உயிர் வரும்.

அதே வண்டியில் வெல்டராக இருப்பவர் வாழப்பாடிக்காரர். அவருக்கும் அதே தேதியில் விசா முடிகிறது. அவர் மனைவி இரண்டு பஸ் மாறி என்னைத் தேடி வந்துவிட்டாள். அதுவரை நாங்கள் முகம்கூடப் பார்த்ததில்லை. பாஸ்போர்ட் நகல், போட்டோ, வங்கி அட்டை என்று ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள். "நீங்க படிச்சவங்களாமேக்கா" என்றாள். நான் மறுக்கவில்லை.

கட்டணத்தை விண்ணப்பிக்கிறவரின் அட்டையிலிருந்தே கட்ட வேண்டும். அந்த அட்டைக்கு வரும் ஓடிபி பட்டன் போனுக்குத்தான் வரும். சோதித்துப் பார்க்கத் தொட்டி மேல் ஏறினேன். அங்கேயும் சிக்னல் இல்லை. பல மாதமாக நான் ரீசார்ஜ் செய்ய மறந்ததில் சிம் செத்துக் கிடந்தது.

மறுநாள் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் உள்ள அந்தக் கம்பெனியின் கடைக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் பணிவாகத்தான் பேசினாள்.

"சிம்முக்கு உடையவர் நேர்ல வந்து கைரேகை வைக்கணும் மேடம்."

"அவர் ஆப்பிரிக்காவுல இருக்காருங்க."

"பரவால்ல மேடம், வந்ததும் கூட்டிட்டு வாங்க."

"இந்த சிம் வேலை செஞ்சாத்தானுங்க அவர் வர முடியும்."

"அவர் வந்தாத்தான் மேடம் சிம் வேலை செய்யும்."

பிறகு அவள் திரையைப் பார்த்து ஒரு பேரை வாசித்தாள். என் மாமனார் பேர். பத்து வருடத்துக்கு முன்னால் இவர் தன் அப்பாவின் அடையாள அட்டையைக் கொடுத்து வாங்கிய சிம்மாம். எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த நாள் மாமனார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ரேகை பார்க்கும் இயந்திரம் அவர் கட்டைவிரலை ஏற்கவில்லை. ஆள்காட்டி விரலையும் ஏற்கவில்லை. முப்பது வருடம் தீவன மூட்டை தூக்கிய கை. "ரேகையெல்லாம் கோழி தின்னுபோடுச்சு சாமி" என்று அந்தப் பெண்ணிடம் வருத்தத்தோடு சொன்னார். அவள் ஈரத்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து, தன் பையிலிருந்த தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தடவி வைத்துப் பார்த்தாள். ஒன்பதாவது விரலில் பச்சை விளக்கு எரிந்தது, சிம்முக்கும் உயிர் வந்தது. இடது கை மோதிர விரல். அன்று வீடு திரும்பும்வரை அவர் அந்த விரலை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்.

இன்னொரு சிக்கல் போட்டோ. வெள்ளைப் பின்னணியில் அவருடைய படம் எங்களிடம் இல்லை, அங்கிருந்து அனுப்பவும் வழியில்லை. நாமக்கல் ஸ்டூடியோக்காரர் எங்கள் கல்யாணப் படத்தில் என்னை வெட்டி எறிந்தார், மாலையை அழித்தார், இவருக்கு ஒரு கோட்டு மாட்டிவிட்டார். தலையில் அவ்வளவு முடி. நானே ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விசா முடிய ஏழு நாள் இருக்கும்போது உட்கார்ந்தோம். காலை பதினொன்றரை மணி. நான் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு. வாழப்பாடிக்காரி பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக. மாமனார் தொட்டி உச்சியில் பட்டன் போனோடு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு. இணையதளத்துக்குள் நுழைய ஒரு ஓடிபி, அது ஆப்பிரிக்காவில் என் கணவரின் அந்த ஊர் எண்ணுக்கு எஸ்எம்எஸ்ஸாகப் போகும். பணம் கட்ட இன்னொரு ஓடிபி, அது தொட்டி மேல் வரும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம்தான் ஆயுள்.

முதல் முறை என் கணவர் போனில் சொன்னது ஆறா, ஏழா என்று கேட்பதற்குள் ஐந்து நிமிடம் முடிந்துபோனது. இரண்டாம் முறை நான்கு எண் சொன்னதும் லைன் அறுந்தது. மூன்றாம் முறை உள்ளே நுழைந்துவிட்டேன். படிவத்தை நிரப்பினேன். கோட்டுப் போட்டவரை ஏற்றினேன். அட்டை எண்ணை அடித்ததும், "வந்துருச்சு!" என்று தொட்டி மேலிருந்து சத்தம் வந்தது.

அவர் வாசிக்க ஆரம்பித்தார். நாலாயிரம் கோழிகளும் ஆரம்பித்தன. வாழப்பாடிக்காரி வாசலுக்கு ஓடி, மேலே கேட்டுக் கீழே எனக்குக் கத்தினாள். அந்த நேரம் பார்த்து என் போனில் கணவர். "இன்னொரு நம்பர் வந்திருக்குது, எழுதிக்க" என்று அவரும், முன்னால் கேட்டுத் தாமதமாக வந்த ஓடிபியை வாசிக்க ஆரம்பித்தார். ஒரு காதில் ஆப்பிரிக்கா, ஒரு காதில் தண்ணீர்த் தொட்டி. முதல் மூன்று எண்ணைத் தொட்டியிலிருந்தும் பின் மூன்றை ஆப்பிரிக்காவிலிருந்தும் எடுத்து அடித்துவிட்டேன். தவறு என்றது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் என்று சிவப்பில் காட்டியது.

வாழப்பாடிக்காரி உள்ளே வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள். "அண்ணே, நீங்க செத்த நேரம் வாயத் தொறக்காதீங்க!" என்றாள். பிறகு வாசலில் நின்று, "பெரியப்பா, புதுசா வர்றத ஒவ்வொண்ணா சொல்லுங்க. நான் திருப்பிச் சொன்னதுக்கு அப்புறம் அடுத்தது" என்றாள். அதுவரை அவளைப் பயந்த சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

ஒவ்வொன்றாக வந்தது. ஆறாவது எண்ணை அடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பச்சை.

"முடிஞ்சுதுங்க!" என்று அவளிடமிருந்து போனை வாங்கிச் சொன்னேன். பதில் இல்லை. அவள் சொன்னதற்கு இன்னும் கட்டுப்பட்டு இருந்திருக்கிறார். "இப்பப் பேசலாமுங்க" என்றதும்தான் மூச்சு விட்டார். அவருக்குப் பின்னால் எங்கோ தூரத்தில் டப் டப் என்று கேட்டது.

"என்ன சத்தமுங்க அது?"

"எங்கியோ கல்யாணம். பட்டாசு."

"காத்தால ஆறரை மணிக்கா?"

"இங்கெல்லாம் அப்படித்தான்."

நான் மேலே கேட்கவில்லை. அவரும் போனை வைக்கவில்லை. பேலன்ஸ் தீருகிறவரை இரண்டு பேரும் சும்மா இருந்தோம். தினமும் குழம்பைப் பற்றிப் பேசிய மூன்று வருடத்தில் அவ்வளவு நேரம் அவரைக் கேட்டதில்லை. வாழப்பாடிக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நம்மளதும் போட்டுறலாங்களாக்கா?" என்றாள். வெல்டர் தன் போனிலிருந்து கூப்பிட்டு, வந்த ஓடிபியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தார். பணம் கட்டும் எண் அவள் கையிலிருந்த போனுக்கே வந்தது. பத்து நிமிடத்தில் முடிந்தது.

நான்கு நாளில் இரண்டு விசாவும் என் மெயிலுக்கு வந்தன. அனுமதி எண்ணைப் போனில் சொன்னேன். அவர்கள் அந்த ஆபீஸுக்குப் போய் அச்சடித்து வாங்கிக்கொண்டார்கள். படத்தைப் பார்த்த அதிகாரி, இது உன் தம்பியா என்று கேட்டாராம். அதற்கு மேல் ஒன்று இருந்தது.

"இந்தா பாரு, இதுல எனக்குக் கல்யாணம் ஆகலைன்னு போட்டிருக்குது."

படிவத்தில் அந்தக் கட்டத்தில் 'மணமாகாதவர்' என்று தானாக வந்து நின்றதை நான் மாற்றாமல் விட்டிருக்கிறேன்.

"பத்தொம்பது வருசம் கழிச்சு இப்பத்தான் உடுதலை குடுத்திருக்கற" என்று சிரித்தார். மாமனார் சிரிக்கவில்லை. "அதை அங்க எவளாவது படிச்சுப் பாத்தா என்ன பண்றது?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

நெட் திரும்ப வந்த சில வாரத்தில், நிலைமை சரியாகும்வரை எல்லோரும் ஊருக்குப் போங்கள் என்று வண்டி முதலாளி சொல்லிவிட்டார். சென்னையில் இறங்கி ரயிலில் சேலம் ஜங்ஷனுக்கு மத்தியானம் வந்தார்கள். நானும் வாழப்பாடிக்காரியும் பிளாட்பாரத்தில் நின்றோம். வெல்டர் தாடி வளர்த்திருந்தார். அவள் அவரைத் தாண்டிப் பின்னால் வேறு யாரையோ தேடினாள். அவரே வந்து அவள் கையிலிருந்த பையை வாங்கியதும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

என் கணவர் மெலிந்திருந்தார். எனக்கு நிறைய கேட்க வேண்டியிருந்தது. அவருக்கும் சொல்ல இருந்திருக்கும். "சாப்ட்டீங்களா?" என்றேன். "ரயில்ல இட்லி தின்னேன், கல்லாட்ட இருந்துச்சு" என்றார். நான்கு பேரும் ஸ்டால் பக்கத்தில் நின்று காப்பி குடித்தோம். அவர் இரண்டாவது காப்பியும் வாங்கிக் குடித்தார்.