மண்ணெண்ணெயில் கழுவிய கியர்பொக்ஸ்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அந்த ரகம்கூட இல்லை. ஆடத் தெரியாமலே சபையில் ஏறி நிற்கிற ரகம்.

கண்டிக்கு வெளியே, மடவளை ஹபீல் முதலாளியின் தேயிலை ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது என் வேலை. ஹேவாஹெட்ட தோட்டத்தில் டிராக்டர் திருத்தியவன் என்று சொல்லித்தான் சேர்ந்தேன். திருத்தியவர் வேறொருவர். நான் டோர்ச் பிடித்தேன்.

தலதா மாளிகை வாசலில் குண்டு லொறி வெடித்த வருடம் அது. தமிழன் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் உள்ளே என்ன என்று கேட்பார்கள். அந்த நேரம் பார்த்து ஃபோர்க்லிஃப்ட் சண்டித்தனம் பண்ணியது. காலையில் ஒழுங்காக ஓடும். சூடேறியதும் எஞ்சின் கத்தும், வண்டி நகராது.

“கொழும்புலேந்து மெக்கானிக் பாஸ கூப்பிடுவோமா, வீரய்யா?” என்றார் முதலாளி.

“எதுக்குங்க முதலாளி? ஒட்டோமட்டிக் கியர்தானே. நானே பாத்துக்கிறேன்.”

முதலில் கியர் ஒயில் பார்த்தேன். டிராக்டரில் பார்ப்பதுபோல எஞ்சினை நிறுத்திவிட்டு, அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். கோடு வரை இருந்தது. அப்படியென்றால் கோளாறு உள்ளேதான் என்று தீர்ப்புச் சொல்லி, கியருக்கு ஒயிலைப் பிரித்து அனுப்பும் வால்வுப் பெட்டியைக் கழற்றினேன். அதற்குள் ஸ்பிரிங்குகள், மெல்லிய தண்டுகள், மிளகளவு இரும்பு உருண்டைகள். எது எங்கே இருந்தது என்று பார்த்து வைக்கவில்லை. கெட்டிக்காரனுக்கு அது எதற்கு?

தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். ஸ்டோருக்குள் மண்ணெண்ணெய்ப் போத்தலைக் காட்டினாலே முதலாளி பொறுக்கமாட்டார். அதனால் எல்லாவற்றையும் தோட்டத்து லயத்திலிருந்த வீட்டுக்குக் கொண்டுபோய், என் மனைவி பாலம்மா முறுக்குச் சுடுகிற தாச்சியில் போட்டுக் கழுவினேன். அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. மறுநாள் காலை வால்வுப் பெட்டி, ஸ்பிரிங், இரும்பு உருண்டை, மண்ணெண்ணெய் வாடை எல்லாம் ஒரே பையில். அப்படியொரு பையோடு அந்த வருடம் கண்டிக்கு பஸ் ஏற வேறு எவனுக்கும் தோன்றியிராது.

வழியில் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். என் பையைத் திறந்த சிப்பாய் பின்னுக்கு நகர்ந்தான். காவலரணில் என்னை வாங்கில் உட்கார வைத்தார்கள். உள்ளே போன சிலர் திரும்பவே இல்லை என்பது எங்கள் லயத்தில் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அதே வாங்கில் எங்கள் தோட்டத்து ராஜலிங்கம் இருந்தான். ரேடியோ திருத்துகிறவன். அவன் பையிலிருந்த வயரும் பெட்டரியும் மேசைமேல் கிடந்தன, பக்கத்தில் கழற்றிய ரேடியோவும்.

காவலரண் சார்ஜனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். “ரேடியோவா? பூட்டிக் காட்டு,” என்றார்.

ராஜலிங்கம் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பூட்டினான். ஒரு கம்பியைக்கூட அவன் இரண்டாம் தரம் தொடவில்லை. சிங்களப் பாட்டு ஒன்று தெளிவாகக் கேட்டது. சார்ஜன் சிரிக்கவில்லை.

“நல்லா வேல தெரியுது,” என்றார். அவனை உள்ளறைக்குக் கூட்டிப்போனார்கள்.

பிறகு என்னைப் பார்த்தார். “கியர்பொக்ஸா? பூட்டு.”

பூட்டினேன். மூடியை இறுக்கிய பிறகு மேசையில் ஒரு ஸ்பிரிங்கும் இரண்டு உருண்டைகளும் கிடந்தன.

“இது?”

“அது மேலதிகம்ங்க சார்.”

“திரும்பப் பூட்டு.”

இரண்டாம் முறை இன்னும் கூடுதலாக மிஞ்சியது. அதற்குள் பஸ் கண்டக்டர் சொல்லி ஹபீல் முதலாளி வந்துவிட்டார். “இவரு நம்மட ஸ்டோர் ஆள்தான் சேர். தேயிலைக்கு வாட புடிக்கும் எண்டு வீட்டுக்குக் கொண்டு போயீக்கிறாரு.”

சார்ஜன் மேசையில் மிஞ்சியதைக் காட்டினார். “கொண்டு போங்க முதலாளி. இந்த ஆளுக்குக் குண்டு செய்ய ஏலாது. ஒண்டும் செய்ய ஏலாது.”

அரசாங்கம் எனக்குத் தந்த ஒரே சான்றிதழ் அது. வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. வெளியே வந்து, வாகை மரத்தடியில் வாந்தி எடுத்தேன்.

கொழும்பு பாஸ் வந்து பெட்டியைச் சரியாகப் பூட்டினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியை உருவினார். நுனியில்தான் ஒயில். ஒட்டோமட்டிக்குக்கு இப்படித்தான் பார்க்க வேண்டுமாம். எஞ்சின் நின்றால் மேலே இருக்கிற ஒயில் இறங்கி நிறையக் காட்டுமாம். ஒயில் ஊற்றினார், வண்டி ஓடியது. நான் எதையுமே கழற்றியிருக்கத் தேவையில்லை.

ராஜலிங்கம் அடுத்த வருடத் தீபாவளிக்குத்தான் வீட்டுக்கு வந்தான். பாலம்மா எங்கள் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு அவனிடம் போனாள். நானும் போனேன்.

“பாட்டு கேக்கல தம்பி. கொஞ்சம் பாரு.”

அவன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“எனக்கு இந்த வேல தெரியாதுங்கக்கா,” என்றான்.

நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தையை அவன் சொல்ல, கேட்டுக்கொண்டு நின்றேன்.