கோடு போட்டவள் என் மகள்

இதை எழுத வேண்டும் என்று மூன்று வருடங்களாக நினைத்து, நினைத்து, தள்ளிப்போட்டுவிட்டேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் விஞ்ஞானம் எழுதினால் ஊர் சிரிக்கும் என்று மனைவியிடம் சாக்குச் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. எழுதினால் நான் செய்த ஒரு காரியத்தையும், செய்யாமல் விட்ட ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டி வரும். அதற்குத்தான் பயந்தேன்.

இலங்கையில் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தோட்டத்தின் ரப்பர் ஸ்டோரில், அதாவது தோட்டத்து ஆலையில், நான் ரோலர் வேலை செய்கிறேன். உறைந்த ரப்பர் பாலை வழவழப்பான ரோலரில் கொடுத்துத் தட்டையாக்கி, கடைசியில் கோடு வெட்டிய ரோலரில் கொடுப்போம். சீட் முழுக்க வரி விழும். வரி விழுந்தால்தான் புகைக்கூடத்தில் சீக்கிரம் காயும். கோவில் கமிட்டியிலும் இருக்கிறேன். விளக்கேற்றித் திருநீறு பூசாமல் ஒரு நாளும் வேலைக்கு இறங்கியதில்லை.

என் மகள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொடங்கி, கம்பஸில் பட்டம் முடித்து, இந்தியாவுக்கு ஆராய்ச்சிக்குப் போனாள். என்ன ஆராய்ச்சி என்று கேட்டவர்களுக்கு "லைட் சம்பந்தமா" என்பேன். "அப்ப எங்க லயத்து வாசலுக்கு ஒரு பல்ப் போட்டுத் தரச் சொல்லுங்க" என்று பக்கத்து லயத்தில், அடுத்த வரிசை வீடுகளில், இருக்கும் அக்கா கேட்டார். அவ்வளவுதான் எனக்கும் தெரிந்திருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன், ஜெர்மனியில் ஒரு பெரிய மெஷினில் பரிசோதனை செய்யப் போகும் வழியில் மூன்று நாள் வீட்டில் தங்கினாள். உள்ளங்கை அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி வைத்திருந்தாள். அதற்குள் விரல் நகம் போல நாலு சில்லுகள். மூடியைத் திறக்காமலே சாய்த்துக் காட்டினாள். ஒவ்வொன்றின் நடுவிலும் கடுகளவு இடத்தில் மயில் கழுத்து நிறம் வந்து போனது.

"இதுக்கா ரெண்டு வருஷம்?" என்றாள் என் மனைவி.

"இதுல வரி வரியா கோடு போட்டிருக்கேம்மா."

வாசலில் கால் துடைக்கக் கிடந்த பழைய ரப்பர் சீட்டை எடுத்து வந்து, வரிகளுக்குக் குறுக்கே கரண்டிக் காம்பை இழுத்தாள். டர்ர் என்றது. வேகமாக இழுத்தாள். சத்தம் கீச்சென்று ஏறியது.

"அப்பா, இது நீங்க போடுற வரி. நான் ஒரு தலைமயிரு அகலத்துல நூத்துக்கணக்கான வரி போட்டிருக்கேன். கரண்டிக்குப் பதிலா இலத்திரன். கரண்டுல ஓடுறது அதுதான். அதக் கத்தையா, பயங்கர வேகத்துல இந்த வரிக்கு மேல விடுவாங்க. தொடாது, தொட்டாப்புல போகும். போறப்ப சத்தத்துக்குப் பதிலா வெளிச்சம் வரும்."

"என்ன கலருல?"

"வரியோட எடவெளிய மாத்துனா கலரும் மாறும். வேகத்த மாத்துனாலும் மாறும்."

"அப்ப நீயும் ரோலர்காரிதான்" என்றேன்.

"ஆமாப்பா. ஆனா என்னோட ஸ்டோர்ல ஒரு பொட்டுத் தூசி விழக் கூடாது."

அந்தக் கடைசிப் பேச்சு காதில் விழுந்தது. மனதில் தங்கவில்லை. இருபத்தாறு வருடம் ரோலரில் நின்ற எனக்கு, மகளும் அதே வரிசை வேலைக்காரி என்ற பெருமையே நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது.

புறப்படும் நாள் காலையில் அவள் தண்ணீர் விழும் பீலிக்குக் குளிக்கப் போனாள். நான் சாமிக்குப் பூசை வைத்தேன். எங்கள் வீட்டிலிருந்து நல்ல காரியத்துக்குப் போகும் எதுவும் திருநீறு இல்லாமல் போகாது. அவள் பரீட்சை எழுதப் போனபோது பேனாவுக்கு வைத்தேன். ஸ்டோருக்குப் புது ரோலர் வந்தபோது அதற்கும் நான்தான் வைத்தேன். பெட்டியின் மேலே வைத்தால் பெட்டிக்குத்தானே சேரும், உள்ளே இருப்பதற்கல்லவா வேண்டும் என்று நினைத்து மூடியைத் திறந்தேன். முருகா என்று முதல் சில்லுக்கு ஒரு பொட்டு. இரண்டாவதற்கு. மூன்றாவதற்கு.

"அப்பா, கையை எடுங்க."

ஈரத் தலையோடு வாசலில் நின்றாள். வந்து மெதுவாக மூடியை மூடினாள். கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாங்க செஞ்சு தொலச்சீங்க?" என்று மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"திருநீறுதானே. ஊதி விட்டா போயிரும்."

"ஊதாதீங்கப்பா, எச்சி பட்டா இன்னும் மோசம். ஒரு துகள் திருநீறு அந்த வரிக்கு மேல பாறாங்கல்லு மாதிரி. அங்க எனக்கு மெஷின் ரெண்டு நாளைக்குத்தான் குடுப்பாங்க. புதுசா செய்யணும்னா ஆறு மாசம்."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கத்தவில்லை. கிளம்பும்போது வழக்கம்போலக் காலில் விழுந்தாள். திருநீற்றுத் தட்டைத் தொட எனக்குக் கை வரவில்லை.

"என் நெத்திக்கு வைங்கப்பா. இதுல வரி இல்ல" என்றாள்.

பன்னிரண்டு நாள் போன் இல்லை. விளக்குக்கு முன் நின்று வேறு எதுவும் கேட்கவில்லை, அந்த நாலாவதை மட்டும் காப்பாற்று என்றேன்.

பதின்மூன்றாம் நாள் வீடியோவில் வந்தாள். மூன்று சில்லுகள் போயே போய்விட்டன. நாலாவதிலும் பறந்த தூள் பாதி இடத்தை மூடியிருந்தது. பெரிய மைக்ரஸ்கோப்பில் வைத்து, தூள் விழாத ஒரு ஒடுக்கமான இடத்தைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள். இலத்திரன் கத்தையை அந்த இடத்துக்கு மேலே நேராகக் கொண்டுவருவதிலேயே ஒன்றரை நாள் போயிருக்கிறது. பிறகு வெளிச்சம் வந்தது. படத்தைக் காட்டினாள். கறுப்புத் திரையில் ஊதா நிறத்தில் ஒரு சின்னக் கீற்று.

"இவ்வளவுதானா? கார்த்திகை வெளக்கு இத விடப் பெரிசு" என்றாள் மனைவி. மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன்.

திருநீறு வைத்த கதையையும் சேர்த்து ஸ்டோரில் சொன்னேன். என்னோடு ரோலரில் நிற்கும் சிங்கள நண்பர் "அபே துவ", நம்ம மகள், என்று எல்லோருக்கும் தேநீரோடு தின்னப் பனிஸ் வாங்கிக் கொடுத்தார். ஆனால் கதை லயங்களுக்குப் போய்ச் சேர்ந்தபோது தலைகீழாகிவிட்டது. அந்த வருடத் திருவிழாவில் கமிட்டித் தலைவர் மைக்கைப் பிடித்து, "நம்ம கோயில் திருநீறு பட்டதும் ஜெர்மனியில கல்லு ஜொலிச்சிருக்கு" என்றார். சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. என் மகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் பக்கத்தில் கை கூப்பி நின்றேன். மறுத்துச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அது எனக்கு இனித்தது. அதற்குப் பிறகு பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளை என்னிடம் கூட்டி வந்தார்கள். "படிச்சது கொஞ்சந்தான், நீங்க வச்சு விட்டா போதும்" என்று ஒரு தாய் சொன்னபோதும் வைத்துத்தான் அனுப்பினேன்.

என் மனைவி இதை மகளிடம் சொல்லிவிட்டாள். மகள் என்னைப் போனில் கூப்பிட்டாள்.

"சாமிக்கு இதால ஒரு கொறையும் வராதுப்பா. நானும் கும்பிட்டுட்டுத்தான் மெஷினப் போட்டேன். ஆனா கோடு நான் போட்டது."

அதோடு போனை வைத்துவிட்டாள். அந்த ஒரு பேச்சு மூன்று வருடமாக எனக்குள் கிடக்கிறது. முருகன் என் மகளுக்குக் கொடுத்தது கண்ணும் கையும் பொறுமையும். அதை வைத்து அவள் செய்ததை நான் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றேன். அவருக்கே அது பிடித்திருக்காது.

இதைப் படிக்கிறவர்கள் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள். பெரிதாக்க வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். என் திருநீறு மூன்று சில்லுகளைக் கெடுத்தது என்பதைச் சாமிக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். நாலாவதில் வெளிச்சம் வந்தது என் மகள் போட்ட கோட்டினால். அதை இருக்கிறபடியே சொல்லுங்கள்.