அண்ணனின் ஆப்பிள் போத்தல்

போன மாதம் லண்டனிலிருந்து கொழும்புக்குப் போனேன், சுற்றிப் பார்க்க அல்ல. வெள்ளவத்தையில் என் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். எட்டாம் நாள் எங்கள் ஆட்கள் இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். குடிக்கிறவர் என்றால் குடிவகையும் வைப்பார்கள். "அவற்ற ஆப்பிள் போத்தலையும் வாங்கிக்கொண்டு வாங்கோ தம்பி," என்றார் அண்ணி.

அது சைடர், ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் மது. நீரிழிவு வந்து சாராயத்தை விட்ட அண்ணன், இரண்டு வருடத்துக்கு முன் அதன் லேபலைப் படமெடுத்து அனுப்பி, சீனி இருக்கா என்று கேட்டிருந்தார். லேபலில் சீனி பற்றி ஒன்றுமே இல்லை. "இல்லை அண்ணா, புளிக்கேக்க சீனியெல்லாம் மதுவாப் போயிடும்," என்று பெரிய விஞ்ஞானி மாதிரிப் பதில் போட்டேன். நான் படித்தது கட்டடப் பொறியியல்.

வெள்ளவத்தையில் வாங்கினால் தெரிந்த சனம் பார்க்கும் என்று அண்ணன் கொட்டாஞ்சேனைக்குத்தான் போவாராம். நானும் அதே வழியில் போனேன். காலை 9.40க்கு ரயில், கோட்டை ஸ்டேஷனுக்கு 25 நிமிடம், டிக்கெட் நாற்பது ரூபாய். இடப்பக்க யன்னலில் இருந்தால் கடல் முழுக்கத் தெரியும். நான் பார்க்கவில்லை. கடையில் காட்டப் போத்தலின் படத்தைப் போனில் தேடியபோது, தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் சீனி அளவு இருந்தது: நூறு மில்லிலீட்டருக்கு நாலரை கிராம். அரை லீட்டர் போத்தலில் ஐந்து தேக்கரண்டிக்கு மேல்.

கோட்டையிலிருந்து மூன்று கிலோமீட்டர், ஓட்டோ நானூறு ரூபாய். கடைக்காரர் படத்தைப் பார்த்ததும், "கண்ணாடி போட்ட ஐயாவுக்கா? கிழமைக்கு ரெண்டு தரம் வருவார். சீனியில்லாத சாமான், லண்டன் தம்பி சொன்னவர் எண்டு எனக்கும் சொன்னவர்," என்றார். அந்த ஐயா இப்போது உயிரோடு இல்லை என்று சொல்லாமல், காசைக் கொடுத்துப் போத்தலை வாங்கிக்கொண்டேன்.

பின்னேரம் படையல். வாழையிலையில் இறால் பொரியல், கணவாய்க் கறி, பக்கத்தில் வெறும் தேத்தண்ணி. நீரிழிவு வந்த பிறகு பன்னிரண்டு வருடம் அண்ணி அவருக்குச் சீனி போடாமல் ஊற்றிய தேத்தண்ணி. கடைசி மாதங்களில் அண்ணனின் இரத்தத்தில் சீனி ஏன் இறங்கவில்லை என்று தெரியாமல், தன் சமையல்தான் பிழை என்று நினைத்து அண்ணி அவருடைய சோற்றையும் குறைத்திருக்கிறார்.

போத்தலைக் கையில் எடுத்த அண்ணி, பழக்கத்தில் கேட்டார். "இதில சீனி இல்லைத்தானே தம்பி?"

"இருக்கு அண்ணி. நிறைய இருக்கு. நான்தான் தெரியாமல் இல்லை எண்டு சொன்னனான். உங்கட சமையலில பிழையில்லை."

அண்ணி மூடியைத் திறந்து கிளாஸ் நிறைய ஊற்றினார். "இண்டைக்குக் குடிக்கட்டும்," என்றார். அழுதது நான்தான்.

போகிறவர்களுக்கு: போயா என்னும் பௌர்ணமி நாளில் மதுக்கடைகள் பூட்டு. கோட்டையில் ஓட்டோ ஏறுமுன் கட்டணம் பேசிக்கொள்ளுங்கள். சைடரில் இனிப்பில்லாத வகையும் உண்டு, சீனி நிறைந்த வகையும் உண்டு. லேபலில் எழுதவில்லை என்பதால் சீனி இல்லை என்று ஆகாது. அண்ணன் உயிரை அதுதான் எடுத்தது என்று டொக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. உங்களை நம்பி ஒருவர் கேட்டால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அண்ணனுக்கு நான் அதைச் சொல்லவில்லை.