குறடு டாக்டரின் சுவர்

கண்காட்சிக்குள் நுழைந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "பாத்ரூம் எந்தப் பக்கம்?" வாசலில் நிற்பவர்கள், பாவம், பெரியம்மாவுக்கு அவசரம் போலிருக்கிறது என்று பதறிப்போய்க் கை காட்டுவார்கள். அவரும் விறுவிறுவென்று அந்தப் பக்கம் போவார். ஆனால் உள்ளே போகமாட்டார். கழிவறைக் கதவுக்கு வெளியே, தண்ணீர்க் குழாய்க்கும் தீயணைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் போனால் போகிறதென்று மாட்டி வைத்திருக்கிற படங்களின் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். "நடு ஹால்ல இருக்கறத எல்லாரும் பாத்துப்பாங்க. வேண்டாவெறுப்பா ஒண்ண வாங்கி வச்சிருப்பாங்க பாருங்க, அத இங்கதான் மாட்டுவாங்க. எனக்கு வேண்டியது பாதி நாள் இங்கதான் கெடைக்கும்" என்பார்.

ஓவிய உலகத்தில் அவருக்கு ஒரு பதவியும் கிடையாது. அவர் பல் டாக்டர். கல்யாணமான புதிதில் மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்துத் தொடங்கிய மருத்துவமனை, தலை முழுக்க நரைத்த பிறகும் அதே மாடியில்தான் இருக்கிறது. அந்தத் தெருப் பிள்ளைகள் அவருக்குக் குறடு டாக்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது அவர் காதுக்கும் போயிற்று. "குறடுக்கு என்ன கொறச்சல்? புடிச்சா விடாது" என்று சொல்லிவிட்டு அடுத்த பல்லைப் பார்க்கப் போய்விட்டார்.

நோயாளிகள் காத்திருக்கும் முன்னறையில் ஒரு சுவர் ஓரமாக நாற்காலிகள். எதிர்ச் சுவரில் ஒரே ஒரு படம். வேறு எதுவும் இல்லை. பல் துலக்கும் முறையை விளக்குகிற வண்ணத் தாளை உள்ளறையின் கூரையில் ஒட்டிவிட்டார், மல்லாந்து படுத்திருப்பவர்கள் படித்துக்கொள்ளட்டும் என்று. கடிகாரத்தைக்கூடக் கழற்றிவிட்டார். மணி பார்த்தால் வலி கூடுமாம். படத்துக்குக் கீழே வரைந்தவர் பெயரோ தலைப்போ இருக்காது. யாராவது தானாகக் கேட்டால் மட்டும், முன் மேசையில் உட்கார்ந்திருக்கும் அவருடைய நாத்தனார் வரைந்தவரின் தொலைபேசி எண்ணைச் சொல்லுவாள்.

படங்களைத் தேர்ந்தெடுக்க அவரிடம் ஒரு சோதனை இருக்கிறது. விமர்சகர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். உள்ளறைக் கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு, வேலைக்கு நடுவே முன்னறையைக் கவனிப்பார். "வலியோட வர்றவன் கன்னத்துல கை வச்சிக்கிட்டேதான் வருவான். எதிர்ல இருக்கற படத்தப் பாத்து, அந்தக் கை அவனுக்கே தெரியாம கீழ எறங்கணும். எறங்கிச்சுன்னா அது படம். எறங்கலன்னா சுவத்த மறைக்கற துணி." அவ்வளவுதான் அவருடைய கலைக் கொள்கை. பழைய படுக்கை விரிப்புகளில் நூலால் முகங்கள் தைக்கிற ஒரு பெண்ணும், மூடிய கடைக் கதவுகளை மட்டுமே படமெடுக்கிற ஒரு பையனும் இந்தச் சுவரிலிருந்துதான் கிளம்பிப் போனார்கள். இன்றைக்கு அவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன.

கை இறங்காத படங்களை அவரே எடுத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுப்பார். ஆள் விட்டு அனுப்புவதெல்லாம் கோழைத்தனம் என்று நினைக்கிறவர். "இதுல வேர் இல்லப்பா. பல்லு மேல மாட்டற கேப் மட்டும் போட்டு வச்சிருக்க" என்று முகத்துக்கு நேரே சொல்லுவார். அழுதவர்கள் உண்டு. ஒருவன் கதவைப் படாரென்று சாத்தினான். அதே ஆள் பிற்பாடு கூப்பிட்டு, "புதுசா போட்டிருக்கேன், வந்து பாக்கறீங்களா டாக்டர்" என்று கேட்டபோது, ஒன்றுமே நடக்காததுபோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வாய் சொல்வதை அவர் நம்பமாட்டார். "வாய் நெறைய பஞ்ச அடைச்சிட்டு வலிக்குதான்னு கேட்டா என்ன சொல்லுவாங்க? பாதிப் பேரு மரியாதைக்கு இல்லன்னு தலைய ஆட்டுவாங்க. கால் வெரலப் பாக்கணும்." நாற்காலியில் படுத்திருப்பவர் வலிக்கவில்லை என்று வீரம் காட்டிக்கொண்டிருக்கும்போதே, கால் விரல்கள் சுருண்டால் அவர் கை தானாக நின்றுவிடும். இன்னொரு ஊசி போட்ட பிறகுதான் அடுத்த வேலை.

குறை என்று சொன்னால் ஒரே ஒரு குறை. கர்வம். "எனக்குச் சமைக்க வராது, பாட வராது, நாலு பேரு நடுவுல நயமாப் பேசவும் வராது. ஆனா என் கண்ணு இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல" என்பார். வீட்டில் இதைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போய்விட்டது. அவர் வாயெடுத்ததும் நாத்தனார் மிச்சத்தைத் தானே முடித்து வைப்பாள்.

போன மழைக்காலத்தில் ஒரு கண்காட்சியில், வழக்கமான அந்த மூலையில், தரையில் ஒரு பெரிய படம் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. தாமதமாக வந்ததால் மாட்ட இடமில்லையாம். சட்டம் போடாத வெறும் கேன்வாஸ். ஒரு உயரமான குடியிருப்புக் கட்டடம், ஓரமெல்லாம் நடுங்கி, பனிமூட்டத்தில் நிற்பதுபோல் இருந்தது. சாம்பல் வானம். மேல் விளிம்பில் பாதி வெட்டுப்பட்டு இரண்டு கறுப்புத் திட்டுகள். காக்கா என்று டாக்டர் முடிவு செய்தார். பின்பக்கம் எழுதியிருந்த எண்ணுக்கு அங்கேயே நின்றபடி பேசி, படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வரைந்தவள் கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கிற பெண். மாற்றி மாற்றி வேலை நேரம் போடுவதால் அவளால் நேரில் வர முடியவில்லை. பேச்செல்லாம் ஃபோனில்தான். "அக்கா வீட்லதான் இருக்கேன் டாக்டர். பெரிய கேன்வாஸ் வச்சா கதவு பாதிதான் தொறக்குது, பசங்க இடிச்சிக்கறாங்க. இந்த வருஷமும் ஒண்ணும் ஆகலன்னா விட்டுர்றேன்னு அக்காகிட்ட சொல்லிட்டேன்" என்றாள். குரலில் புகார் எதுவும் இல்லை. அதுதான் டாக்டருக்குச் சங்கடமாக இருந்தது.

படம் மாட்டுவது டாக்டரின் கணவர் வேலை. அவர் கட்டடப் பொறியாளர். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் ஒரு காலண்டரைக்கூட மாட்டமாட்டார். இரண்டு ஆணி அடித்து, அதன்மேல் கேன்வாஸை இழுத்துக் கட்டியிருந்த பின்பக்க மரக்கட்டையை உட்கார வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை விடவில்லை. பிறகு ஸ்டூலில் நின்றபடியே தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் பார்த்தார்.

"என்ன கட்டடம் இது, அஸ்திவாரமே இல்ல? அடியெல்லாம் நெளியுது. இந்த வானமும் சிமென்ட் பூசின மாதிரி இருக்கு."

"ஏங்க, அவ உங்ககிட்ட ப்ளான் பாஸ் பண்ண வரல. எறங்குங்க."

இறங்கிவிட்டார். நோயாளிகளின் கைகளும் இறங்கின. அந்தப் படத்துக்கு இறங்கியதுபோல் வேறு எதற்கும் இறங்கியதில்லை. கடைவாய்ப் பல் வலியோடு வந்த ஒருவர், தன் முறை வந்தும் "அடுத்தவங்க போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வீடு அழுவுது டாக்டர்" என்றாள் ஒரு அம்மாள். டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "உன் கட்டடம் எல்லாரையும் கட்டிப்போட்டிருச்சும்மா. மேல அந்த ரெண்டு காக்கா இருக்கு பாரு, அதுலதான் உசுரே இருக்கு" என்றார். மறுமுனையிலிருந்து "சரிங்க டாக்டர்" என்று மட்டும் பதில் வந்தது. கூச்சம் என்று இவர் நினைத்துக்கொண்டார். கன்னத்துக் கை விஷயத்தையெல்லாம் நாத்தனார்தான் அவளுக்கு ஃபோனில் விலாவாரியாகச் சொன்னாள்.

கேலரிக்காரர் ஒருவர் பல் சுத்தம் செய்துகொள்ள வருவார். அவர் பல்லில் சுத்தம் செய்ய ஒன்றும் இருக்காது. சுவரைப் பார்க்கத்தான் வருகிறார் என்பது டாக்டருக்கும் தெரியும், டாக்டருக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை அவர் நடத்துகிற புதியவர்கள் கண்காட்சியில் இடம் கிடைத்தால், மறுநாளிலிருந்து அந்த ஆளை ஊர் திரும்பிப் பார்க்கும். வந்தவர் படத்தின் முன்னால் நின்றார், கொஞ்சம் நகர்ந்து நின்றார். "இதை எடுத்துக்கறேன் டாக்டர். நடு ஹால்ல. சாயங்காலம் அந்தப் பொண்ண வரச் சொல்லுங்க, நேர்ல பேசிடலாம்" என்றார். கழிவறைப் பக்கத்திலிருந்து நடுக் கூடத்துக்கு. டாக்டருக்கு அன்றைக்கு மத்தியானம் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் அவள் வேலை நேரத்தை இன்னொருத்தியிடம் மாற்றிக்கொண்டு, சீருடையோடு வந்து சேர்ந்தாள். கேலரிக்காரர் முன்பே வந்து, கார் சாவியை விரலில் சுழற்றியபடி பேசிக்கொண்டிருந்தார். கட்டடம் கரைகிற விதம், நகரத்தின் தனிமை, அந்தக் காக்கைகளின் சாட்சி. மருத்துவமனையைப் பூட்ட வந்திருந்த கணவர், பாடம் கேட்பதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தார். பெண் வாசலிலேயே நின்று படத்தைப் பார்த்தாள். அவள் தலை ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தது. உடனே நிமிர்ந்துகொண்டது.

"என்னம்மா, உன் படம் இந்தச் சுவத்துல எப்படி இருக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

"நல்லா இருக்குங்க டாக்டர்."

டாக்டர் பழக்க தோஷத்தில் கீழே பார்த்தார். செருப்புக்குள் அவள் கால் விரல்கள் சுருண்டு, அடித்தோலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன.

"வலிக்குதா?"

"இல்லீங்களே."

விரல்கள் விரியவில்லை. "எங்க வலிக்குது, சொல்லு" என்றார் டாக்டர், நாற்காலியில் படுத்திருப்பவரைக் கேட்பதுபோலவே.

அவள் கேலரிக்காரரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "தலைகீழா இருக்குங்க" என்றாள். "அது கட்டடம் இல்லீங்க டாக்டர், தண்ணி. மழை பெஞ்சா எங்க பார்க்கிங்ல தேங்கும். எதிர்க் கட்டடம் அதுல தெரியும்." சொன்ன வேகத்தில் பயந்துபோய், "பரவால்லீங்க. இப்படியே இருக்கட்டும். இப்படித்தான சாருக்குப் புடிச்சிருக்கு" என்றாள்.

நாத்தனார் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். சிமென்ட் வானத்தைப் பற்றி ஏதோ சொல்ல வந்த கணவர், மனைவியின் முகத்தைப் பார்த்து அதை அப்படியே விழுங்கிவிட்டார். கேலரிக்காரர்தான் முதலில் சமாளித்தார். "ரெண்டு விதமாவும் பாக்கலாம், தப்பே இல்ல. நான் இப்படியே எடுத்துக்கறேன். வெளியில யாருக்குத் தெரியப் போவுது? பேசாம விட்டுடலாம் டாக்டர்."

பேசாமல் விட்டிருந்தால் எல்லாருக்கும் நல்லதாகத்தான் போயிருக்கும். அந்தப் பெண்ணுக்கு நடு ஹால் கிடைத்திருக்கும், டாக்டரின் கண்ணுக்கும் பங்கம் வந்திருக்காது. டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். "விழுந்து தொலைக்காத" என்று கணவர் ஓடிவந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் கேன்வாஸைக் கழற்றி, வயிற்றில் முட்டுக்கொடுத்துத் திருப்பி, அதே ஆணிகளில் உட்கார வைத்தார்.

"ரசமட்டம் கொண்டு வரவா?"

"ஒண்ணும் வேணாம்."

வானமாக இருந்தது ஈரச் சிமென்ட் தரையாகிவிட்டது. கட்டடம் தேங்கிய தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கியது. காக்கைகள் இரண்டும் கீழ் விளிம்புக்கு வந்து, செருப்பின் முனைகளாயின. தண்ணீரின் ஓரத்தில் யாரோ நிற்கிறார்கள், குனிந்து பார்க்கிறார்கள். அந்தச் செருப்புக்குள் விரல்கள் சுருண்டிருப்பது இப்போதுதான் தெரிந்தது.

"இதுதான் இவ வரைஞ்சது. நானும் பாக்கல, நீங்களும் பாக்கல" என்று டாக்டர் கேலரிக்காரரிடம் சொன்னார். "எடுக்கறதும் எடுக்காததும் உங்க இஷ்டம். ஆனா இதப் பாத்துட்டுச் சொல்லுங்க."

சாவி சுழல்வது நின்றது. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "யோசிச்சிச் சொல்றேனே" என்றார். பிறகு மாடிப்படியில் அவர் இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. பெண் கையைப் பிசைந்துகொண்டு, "நான் வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்" என்றாள்.

டாக்டர் நோயாளிகளின் நாற்காலி வரிசையில், அதுவரை ஒருநாளும் உட்காராத இடத்தில் போய் உட்கார்ந்தார். "ஊரெல்லாம் காக்கா காக்கான்னு சொல்லி வச்சிட்டேனே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கன்னத்தில் கையை வைத்தார். அவமானத்தில் முகம் கன்றிப்போயிருந்தது. எதிரே படம் இருந்தது. அவர் பார்த்தார். யாரும் விளக்கை அணைக்கவில்லை, யாரும் கிளம்பலாம் என்று சொல்லவில்லை. பெண் தன் படத்தைப் பார்க்கவில்லை. டாக்டரின் கன்னத்தில் இருந்த கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அது மெல்ல வழுக்கி, தாடையைத் தாண்டி, மடியில் வந்து விழுந்தது. டாக்டருக்கு அது தெரியவே இல்லை.