ஸ்டோருக்குப் போகச் சொன்ன போன்

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் எனக்கு வேலை. பறித்து வரும் பச்சைக் காயை உலர்த்துகிற கட்டடத்தை எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அங்கே அடுப்பைப் பார்த்துக்கொள்பவன் நான். அடுப்பை விட்டுவிட்டு வர முடியாது என்பதால் வாரம் ஒரு தடவைதான் போடியில் இருக்கும் வீட்டுக்கு இறங்குவேன்.

மற்ற நாட்களில் நானும் மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் போனுக்குள் இருக்கும் ஓர் ஊரில் சந்திப்போம். அது ஒரு விளையாட்டு. அதில் யாரும் பொம்மை உருவம் எடுத்து நடக்கலாம், வீடு கட்டலாம். என் பொம்மைக்கு மீசை வைத்தது அவள்தான். இருவரும் சேர்ந்து நீலக் கதவு வைத்த வீடொன்று கட்டியிருந்தோம். சாயங்காலமானால் அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு அந்த வீட்டு ஊஞ்சலுக்கு வந்துவிடுவாள். நான் ஸ்டோருக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். அங்கேதான் டவர் கிடைக்கும்.

ஒரு சனிக்கிழமை காலையில் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது அந்த ஊருக்குள் நுழைய முடியவில்லை. திரை முழுக்க எழுத்து.

"புதிய பதிப்புக்கு மாற உடனே ஸ்டோருக்குச் செல்லவும். மாறாதவர்களின் வீடுகள் நீக்கப்படும்."

முந்தின நாள் வரை நன்றாகத்தானே இருந்தது? புதிது வேண்டும் என்று யார் கேட்டார்கள்? வேண்டாம் என்று சொல்ல ஒரு பொத்தான்கூட இல்லை. சரி என்று அமுக்கினால், இந்தப் போனில் இயங்காது என்று வந்தது. நாங்கள் கட்டிய வீடு போய்விடுமே என்று மறுபடி மறுபடி அமுக்கிப் பார்த்தேன்.

அப்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. பேசியது என் மனைவி.

"ஏங்க, பாப்பா அங்க வந்தாளா?"

"இங்கயா? இங்க எப்பிடி வருவா?"

"சோத்துத் தூக்கை மறந்துட்டேன்னு வேலையில இருந்து திரும்பி வந்தேன். அவளையும் காணோம், வீட்ல வச்சுட்டுப் போன என் போனையும் காணோம். இது பக்கத்துக் கடை பாய் போன். அவருகிட்ட, 'ஸ்டோருக்கு வெரசா போகணும், இல்லைன்னா எங்க வீட்டை எடுத்துருவாங்க'ன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. நானும் கூடப் போறேன்னு அவரு நெனச்சுட்டாரு."

போனில் ஸ்டோர் என்றால் புதிய பதிப்பை இறக்கிக்கொள்ளும் இடம். அவளுக்குத் தெரிந்த ஸ்டோர் ஒன்றே ஒன்றுதான். போன லீவில் ஜீப்பில் வந்து பார்த்துவிட்டுப் போன, அப்பாவின் ஸ்டோர்.

அவளிடமிருந்த போனுக்கு அடித்தேன். கிடைக்கவில்லை. கூட வேலை பார்ப்பவரிடம் அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். மஞ்சு என்று நாங்கள் சொல்லும் மூடுபனி இறங்கி, வளைவுக்கு அந்தப் பக்கம் எதுவுமே தெரியவில்லை. ஜீப்பு சத்தம் மட்டும் முதலில் வரும், பிறகுதான் விளக்கு. நிறுத்தி நிறுத்தி உள்ளே பார்த்தேன். "சின்னப் புள்ள ஒண்ணு வந்துச்சா?" இல்லை என்பார்கள். வழியில் இறங்கியிருப்பாளோ? காட்டு மாடு நிற்கிற இடத்தில் நடந்து வருகிறாளோ?

காய் எடுக்கப் போகும் பெண்கள் நிறைந்த ஒரு ஜீப்பு நின்றது. நடுவில் என் மகள்.

"அண்ணே, உங்க மகளுக்கு ஸ்டோர்ல என்னமோ பெரிய மீட்டிங்காம்! வழி நெடுக டிரைவரை வெரட்டிட்டு வர்றா," என்று ஓர் அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளைத் தூக்கி இறக்கினேன்.

"வீடு இருக்காப்பா?" என்றாள்.

தொட்டி மேல் உட்கார்த்தி, பாய் போனுக்கு அடித்து மனைவியிடம் சொல்லிவிட்டு, அவள் அம்மாவின் போனில் புதிய பதிப்பை இறக்கினேன். வீடு இருந்தது. ஊஞ்சல் இடம் மாறியிருந்தது. என் பொம்மை மட்டும் இல்லை.

"நீ எங்கப்பா?"

"என் போன் பழசு ஆத்தா. என்னை உள்ள விடமாட்டேங்குது."

அவள் அழுதாள். நான் அவள் கையை விடவே இல்லை.

"இனிமே அது எங்க போகச் சொன்னாலும் மொதல்ல அப்பாவுக்குப் போன் போடணும், என்ன?"

"சரிப்பா," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "உனக்கு டவர் கிடைக்கலைன்னா?"

அன்றைக்கு அடுப்பை அவரிடமே விட்டுவிட்டு, போடிக்கு இறங்கும் ஜீப்பில் அவளோடு நானும் ஏறினேன்.