இரண்டு அறை முதலாளி

இந்த நேரத்தில் உங்கள் போன்களை ஒலிக்க வைப்பதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். மூச்சு சீராக வருகிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

நம் முதலாளி தண்டபாணி போய்விட்டார் என்று போன் வந்தபோது தவளக்குப்பம் ஜங்ஷனில் பாப்பாவுக்குச் செருப்பு வாங்கிக்கொண்டிருந்தேன். மாரடைப்பாம். 'நல்லவேளை, ஆசிட் நெடி ஏறி இல்லை' என்றுதான் முதலில் தோன்றியது. கேட்டிருந்தால் அவரே அப்பாடா என்றிருப்பார்.

கிருமாம்பாக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் கழிவறை ஆசிட்டும் பிளீச்சும் பாட்டிலில் அடைத்து விற்றவர். ஆசிட்டுக்கு ஓர் அறை, பிளீச்சுக்கு ஓர் அறை, நடுவே பெரிய முற்றம். "ரெண்டும் சம்பந்திங்கம்மா. தனித்தனியா இருந்தா தங்கம். ஒண்ணா வுட்டா வெஷக் காத்து கெளம்பி நாம ஊரக் காலி பண்ணணும்" என்பார். இரண்டு சாவிகளை ஒரே வளையத்தில்கூட மாட்டமாட்டார்.

கூரைமேல் அவர் மனைவியின் பழைய சிவப்புப் புடவையைக் கட்டியிருந்தாரே! நெடி கிளம்பினால் காற்று எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்து எதிர்ப்பக்கம் ஓடுவதற்கு. தேர்தல் சமயத்தில் ஜீப்பில் வந்த அதிகாரி அது இன்னா கட்சிக் கொடி என்று கேட்டார். "காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு காட்டுற கொடி சார்." "அப்ப எல்லாக் கட்சிக்கும் ஆவுமே" என்று அவர் போய்விட்டார்.

நான் மாசமாக இருந்தபோது பாட்டில் அடைக்கும் பக்கமே விடவில்லை. பில் போட உட்காரவைத்தார். நான் மாஸ்க் போட்டுக்கொள்கிறேனே என்று கெஞ்சினேன். "நீ எங்கிட்ட வேலைக்குச் சேந்த, சரி. உள்ள இருக்குறது சேரலியே. அதுக்கு எதுக்கு நெடி?"

சாவுக்கு வரமுடியாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். சமையல்காரருக்கு இடம் வேண்டுமென்று சொந்தக்காரர்கள் ஆசிட் அறையைக் காலி செய்து, கேன்களைப் பிளீச் அறையில் அடுக்கிவிட்டார்கள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த முனியம்மா அக்கா அதைப் பார்த்துப் பாதி வரியில் நிறுத்தினார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எவன்டா ரெண்டையும் ஒண்ணா வெச்சது?" என்றார். ஒரு ஆசிட் கேனின் மூடி சரியாக இறுகாமல் சொட்டிக்கொண்டிருந்தது.

நாங்கள் கையுறை, மாஸ்க், பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஓடினோம். எங்கள் கோலத்தைப் பார்த்த மேளக்காரர்கள் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சரியான பக்கம் ஓடினார்கள். பாடை வாசலில் தனியாக இருந்தது. கேன்கள் எல்லாம் திரும்பப் போய், தரையைக் கழுவியபிறகு, முனியம்மா அக்கா விட்ட வரியிலிருந்தே ஒப்பாரியைத் தொடர்ந்தார்.

பெங்களூரிலிருந்து வந்திருந்த முதலாளி மகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. இரண்டு சாவிகளையும் என்னிடம் நீட்டினான். "நீங்க பாத்துக்கிறீங்களாக்கா? இல்லன்னா மூடிடுறேன்." முனியம்மா அக்கா என்னையே பார்த்தார். இந்த வயதில் அவரை வேறு யார் வேலைக்கு எடுப்பார்கள்?

பாப்பா தும்மினாலே பயப்படுகிறவள் நான். ஆனால் முதலாளி சொன்ன ஒன்றை மனசில் வைத்திருக்கிறேன்: "பயப்படுறவங்கதான் எனக்கு வேணும். தைரியசாலி மூடியத் தெறந்து வெச்சுட்டுப் பூடுவான்."

அதனால் ஆசிட் அறைச் சாவியை வாங்கிக்கொண்டேன். மற்றதை வாங்கவில்லை, இரண்டும் ஒரே கையில் இருப்பது அவருக்குப் பிடிக்காது. பிளீச் அறைச் சாவியை உங்களில் யார் வாங்கிக்கொள்கிறீர்கள்? தம்பி ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்குத் திரும்புகிறான். சீக்கிரம் பதில் போடுங்கள்.