காசியில் விட வேண்டிய பொருள்

எட்டு வயதில் நான் ஒரு பெரிய மடையனாக இருந்தேன். அதற்குப் பிறகு அது குறைந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. மறைக்கப் பழகிக்கொண்டேன், அவ்வளவுதான். அந்த வயதில் என் மடத்தனம் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே ஒன்று. எங்கள் வளவில் உள்ள அத்தனை பேருக்கும் உலகத்திலேயே ஆக விருப்பமான பொருள் நான்தான் என்று திடமாக நம்பியிருந்தேன். ஐந்து பிள்ளைகளில் நான் கடைசி. காது இரண்டும் விரித்த குடை. முன்பல் இரண்டு இல்லை. முழங்காலில் எந்த நாளும் ஒரு ஆறாத புண். இந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு அப்படி ஒரு நம்பிக்கையை நடத்துவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

அந்தத் துணிச்சலுக்குத் தீனி போட்டவர் பெரியம்மா.

பெரியப்பா என் அப்பாவுக்குத் தமையன். முப்பது வருஷம் தென்பகுதியில் ஊர் ஊராக ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்தவர். பென்சன் எடுத்ததும் வட்டக்கச்சிக்கு வந்து, அப்பாவுக்குக் குடியேற்றத்தில் கிடைத்த காணியின் ஒரு மூலையில் சின்ன வீடொன்று போட்டுக்கொண்டார். பிள்ளைகள் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி கிடையாது. இருந்திருந்தாலும் நான் பொட்டுப் பிரித்து, அந்த ஓட்டையால் போய் வந்திருப்பேன். மத்தியானத்தில் அம்மாவின் சோற்றை ஒருமுறை தின்றுவிட்டு, பெரியம்மாவின் சோற்றை இன்னொருமுறை தின்பேன். “என்ரை பிள்ளை இளைச்சுப் போனான்” என்று சொல்லிக்கொண்டே பெரியம்மா மூன்றாவது அகப்பையைப் போடுவார்.

காலபோக நெல் வெட்டு முடிந்து, வைக்கோலைப் போராகக் குவித்துப் பட்டடை கட்டிய கையோடு பெரியப்பாவும் பெரியம்மாவும் காசிக்குப் புறப்பட ஆயத்தமானார்கள். கிளிநொச்சியில் ரயில் ஏறி, மதவாச்சியில் மாறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, தனுஷ்கோடியில் இறங்க வேண்டும். தனுஷ்கோடியைக் கடல் அப்போது கொண்டுபோயிருக்கவில்லை. தனுஷ்கோடிக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் ரயில். பெரியப்பா இத்தனை மணிக்கு எந்த ஸ்ரேசன் என்று நீளமாக எழுதி, தான் இருக்கும் கதிரைக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டார். காசி விசுவநாதரே பிந்தினாலும் அவர் பிந்தமாட்டார் என்று அப்பா சொன்னார்.

ஊர்ச்சனம் வந்துபோகத் தொடங்கியது. எல்லோரும் சுகமாகப் போய்வரும்படி வாழ்த்திவிட்டு, திரும்பி வரமாட்டார்கள் என்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தக் காலத்தில் அந்த வயதில் காசிக்குப் போகிறவர்களை அப்படித்தான் பார்ப்பார்கள்.

பயணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போதுதான் என் மூத்தக்கா எனக்கு அந்தச் சட்டத்தைச் சொன்னாள்.

“காசிக்குப் போறவை தங்களுக்கு ஆக விருப்பமான ஒண்டை அங்கை விட்டிட்டு வரவேணும். பிறகு சாகுமட்டும் அதைத் தொடக்கூடாது.”

“ஆக விருப்பமானதெண்டா?”

“ஆக விருப்பமானதுதான். ஏமாத்தேலாது. சாமிக்குத் தெரியும்.”

வேறு பிள்ளை என்றால் மாம்பழத்தை நினைத்திருக்கும், பலாப்பழத்தை நினைத்திருக்கும். நான் என்னை நினைத்தேன். ஆனாலும் அன்றைக்கு வெறும் சந்தேகம்தான். மறுநாள் மத்தியானம் அது உறுதியாயிற்று.

பயணத்துக்கென்று பெரியம்மா பொரிவிளாங்காய் உருண்டை செய்து, ஒரு தகரத்தில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார். நான் அந்தத் தகரத்தைப் பார்க்கப் போனேன். பார்க்க மட்டும்தான் என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. கட்டிலுக்குக் கீழே படுத்தபடி ஒன்றை வாயில் போட்ட நேரம் இரண்டு பேரும் உள்ளே வந்து கட்டிலில் இருந்தார்கள். பொரிவிளாங்காய் கருங்கல் மாதிரி. கடித்தால் சத்தம் கேட்கும். ஆகவே கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு கேட்டேன்.

“இஞ்சாருங்கோ, போறதுக்கு முதல் தம்பியிட்டை ஒருக்காக் கேளுங்கோ.”

“என்னத்தைக் கேக்கிறது?”

“தெரியாத மாதிரிக் கதைக்காதேங்கோ. சின்னவனை எங்களுக்குத் தரச்சொல்லி.”

“உமக்கு விசரே? பெத்தவளுக்கு முன்னாலை நிண்டு பிள்ளையைத் தா எண்டு எப்பிடி வாய் திறக்கிறது?”

“அதுகளுக்கு அஞ்சு இருக்குத்தானே.”

“அஞ்சு தேங்காயே?”

 பிறகு பெரியம்மாவின் குரல் வேறு மாதிரி வந்தது.

“காசியிலை போய் நிண்டு, எங்களுக்குப் பிறகு ஆரெண்டு சொல்லுறது?”

“அப்ப நீரே போய்க் கேளும்.”

“நான் கேக்கமாட்டன். தங்கச்சி இல்லையெண்டு சொன்னா, பிறகு நான் அந்த முகத்தை எப்பிடிப் பார்க்கிறது?”

தங்கச்சி என்றது என் அம்மாவை. கன்னத்தில் பொரிவிளாங்காய் மெல்லக் கரைய, நான் கணக்குப் பார்த்தேன். என்னைத் தரச்சொல்லிக் கேட்கப் போகிறார்கள். கொண்டுபோகும் இடம் காசி. காசியில் ஆக விருப்பமானதை விட்டுவிட்டு வரவேண்டும். பள்ளிக்கூடத்தில் கணக்கில் எனக்கு ஒருநாளும் சரி வந்ததில்லை. அன்றைக்கு மட்டும் மீதியில்லாமல் வந்தது.

அன்று தொடங்கி அவர்கள் இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பயண ஆயத்தமோ நிற்கவில்லை. றங்குப்பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் தந்திக் கம்பியாக நான்.

“குஞ்சு, கம்பளி ஒண்டு காணுமோ எண்டு உன்ரை பெரியப்பாட்டைக் கேள்.”

“காணுமெண்டு சொல்லு.”

“எனக்குக் குளிருமெண்டு சொல்லு.”

“அப்ப ரெண்டை வைக்கச் சொல்லு. பிறகு ஏன் என்னைக் கேட்டவா எண்டும் கேள்.”

மூன்று முழ இடைவெளியில் இருந்த இரண்டு பேருக்கும் நான் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியப்பா எந்த நேரமும் அப்பாவைப் பார்த்து வாயைத் திறப்பதும், மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு மூடுவதுமாக இருந்தார். கேட்டுவிட்டால் முடிந்தது. அப்பா தமையனுக்கு இல்லை என்று எதையும் சொன்னதில்லை.

தப்புவதற்கு ஒரே வழிதான் இருந்தது. ஆக விருப்பமான பொருள் என்ற பதவியிலிருந்து நான் இறங்க வேண்டும்.

முதலில் பெரியப்பாவின் கோப்பியில் ஒரு பிடி உப்பைப் போட்டேன். போட்டது பெரியம்மா என்று எண்ணிக்கொண்டார் போலும். கோபத்தில் இருக்கிறவர் வாய் திறந்து முறையிட முடியுமா? கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் விடிய, பால் கறக்க முதல் கன்றை அவிழ்த்துவிட்டேன். பெரியம்மா பசுவின் ஒழிந்த மடியைப் பார்த்துவிட்டு என் தலையைத் தடவி, “வாயில்லாச் சீவனிலை என்ரை பிள்ளைக்கு எவ்வளவு இரக்கம்!” என்றார். நான் கெடக் கெட என் விலை ஏறிக்கொண்டே போயிற்று.

மூன்றாவதாக, சோறு போட்டுக்கொண்டிருந்தவரின் முகத்துக்கு நேரே சொன்னேன்: “உங்கடை கறி நல்லா இல்லை. அம்மான்ரைதான் நல்லம்.”

அகப்பை அப்படியே நின்றது. “அப்பிடியோ ராசா?” என்றார். கோபிப்பார் என்று பார்த்தேன். கோபிக்கவில்லை. அடுத்த நாள் கறியில் இரண்டு தேங்காயின் பாலை விட்டிருந்தார். என் பக்கத்திலேயே இருந்து நான் விழுங்குவதைப் பார்த்தார். ருசியாகத்தான் இருந்தது. எனக்கு இறங்கவில்லை.

பயணத்துக்கு முதல்நாள் நான் கடைசி வேலையைச் செய்தேன். இந்தியாவுக்குப் போவதென்றால் அம்மைக்கும் வாந்திபேதிக்கும் ஊசி போட்டு, போட்டதற்கு அத்தாட்சித் துண்டு எடுக்க வேண்டும். கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டு வந்த பெரியம்மா, கை வீங்கி இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தார். “அந்தத் துண்டு இல்லாட்டிக் கப்பல்லை ஏத்தமாட்டாங்கள்” என்று பெரியப்பா ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்லுவார். எதைத் தூக்க வேண்டும் என்று அவரே எனக்குப் படிப்பித்துவிட்டார். இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டுபோய் வைக்கோல் பட்டடைக்குள் கை போகுமளவுக்குச் செருகிவிட்டு வந்தேன்.

பின்னேரம் பெரியப்பா பெட்டியைப் பூட்ட முதல் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தார். பிறகு பெட்டியைக் கவிழ்த்தார். பிறகு அலுமாரியைக் கவிழ்த்தார். ஒரு வாரமாகப் பேசாதவர் அன்றைக்குத்தான் பெரியம்மாவோடு நேரே பேசினார்.

“எங்கை வைச்சனீர்? உம்மை நம்பித் தந்தனே, எங்கை வைச்சனீர்?”

சத்தத்துக்கு எங்கள் வீடு முழுக்க ஓடிவந்தது. பெரியம்மா சிதறிக் கிடந்த சீலைகளுக்கு நடுவில் நிலத்தில் இருந்துவிட்டார். ஊசி போட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, “அம்மாளாச்சிக்கு விருப்பமில்லைப் போலை. எங்களுக்கு அங்கையும் ஒண்டுமில்லை, இஞ்சையும் ஒண்டுமில்லை” என்றார். வற்றாப்பளை அம்மனைத்தான் அவர் அம்மாளாச்சி என்பது. பெரியம்மா அழுவதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். சத்தம் வராமல், வாய் மட்டும் கோணிப் போயிற்று.

காசியைவிட அது பயமாக இருந்தது.

“நான்தான் எடுத்தனான்!” என்று கத்தினேன். “என்னைக் காசியிலை விடவேண்டாம்!”

“ஆர்ரா உன்னைக் காசியிலை விடுறது?” என்றார் அப்பா.

“பெரியம்மாதான். போறதுக்கு முதல் என்னைத் தரச்சொல்லி உங்களிட்டைக் கேக்கச் சொன்னவா. அஞ்சு இருக்குத்தானே எண்டு சொன்னவா. பெரியப்பா அஞ்சு தேங்காயே எண்டு கேட்டவர்.”

ஒரு வாரமாகச் செய்தி காவியதில் நாக்கு அப்படிப் பழகியிருந்தது. ஒரு சொல் விடவில்லை.

எல்லோரும் சிரிப்பார்கள், அல்லது அடிப்பார்கள் என்று நின்றேன். இரண்டும் நடக்கவில்லை. குசினியில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த மணம் வந்தது. ஒருவரும் போய் இறக்கவில்லை. பெரியப்பா சுவரில் ஒட்டியிருந்த ரயில் நேரத்தை வாசிப்பதுபோலத் திரும்பி நின்றார். அப்பா காலடியைப் பார்த்தார். வாசலில் நின்ற அம்மா ஈரக்கையோடு வந்து என்னைத் தோளில் பிடித்துத் தன்னோடு இழுத்துக்கொண்டார். நொந்தது. “விடுங்கோம்மா” என்றேன். விடவில்லை. பெரியம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“துண்டு எங்கை?” என்றார் அம்மா, என்னிடம் மட்டும்.

எல்லோரும் பட்டடைக்குப் போனோம். நான் செருகிய பக்கத்தை மாடுகள் இழுத்துத் தின்றுகொண்டிருந்தன. எந்த இடம் என்று கேட்டார்கள். எனக்கு எல்லா வைக்கோலும் ஒரே வைக்கோலாகத் தெரிந்தது. ஒளிக்கிறவன் அடையாளம் வைக்க வேண்டும் என்ற அறிவு அதுவரை எனக்கு வந்திருக்கவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, விடிந்தால் ரயில். அப்பா மாடுகளைக் கலைத்தார். அம்மாவும் பெரியம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, பேசாமல், பிடி பிடியாக இழுத்துப் போட்டார்கள். வைக்கோல் தூசியில் இரண்டு பேரும் தும்மினார்கள். அதற்கும் பேசவில்லை.

அம்மாவின் கையில்தான் அகப்பட்டது. பெரியப்பாவின் துண்டில் ஒரு மூலை மாட்டின் வயிற்றுக்குள் போயிருந்தது, முத்திரை தப்பியிருந்தது. அம்மா இரண்டையும் சீலையில் துடைத்து நீட்டினார்.

“இந்தாங்கோ அக்கா. சுகமாப் போட்டு வாங்கோ.”

பெரியம்மா வாங்கிக்கொண்டார். அம்மாவின் தலைமயிரில் குத்தி நின்ற வைக்கோலை எடுத்துப் போட்டுவிட்டு, “ஓம்” என்று தலையாட்டினார். அம்மா எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. பெரியம்மா எதற்கு ஓம் சொன்னார் என்று நான் அக்காவிடம் கேட்டேன். வாயைப் பொத்து என்றாள்.

எனக்கு அன்றைக்கு அடி விழவில்லை. அடுத்த நாளும் விழவில்லை. அதுதான் மிகவும் பயமாக இருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து அவர்கள் திரும்பி வந்தார்கள், சொன்ன ரயிலில், சொன்ன நிமிஷத்தில். பெரியப்பா பாகற்காயை விட்டுவிட்டு வந்ததாக ஊருக்கெல்லாம் அறிவித்தார். அதற்கு முன்னும் அவர் பாகற்காய் தின்றதை ஒருவரும் கண்டதில்லை. பெரியம்மா ஒன்றும் அறிவிக்கவில்லை. நான் பொலிஸ்காரன் மாதிரிக் காவல் இருந்தேன். மாம்பழம் தின்றார். பலாப்பழம் தின்றார். கத்தரிக்காய், முருங்கைக்காய், பாயாசம், ஒன்றும் தப்பவில்லை. காசிச் சாமியை ஏமாற்றிவிட்டாரோ என்று எனக்கே கவலையாகிவிட்டது.

சோறு போடுவதில் குறைவில்லை. ஆனால் மத்தியானத்தில் போய் நின்றால், “அம்மாட்டைச் சொல்லிப்போட்டு வந்தனியோ, தம்பி?” என்று கேட்கத் தொடங்கினார். முன்பு கேட்டதில்லை. தம்பி என்று கூப்பிட்டதும் இல்லை. பொரிவிளாங்காய்க் களவுக்குத் தண்டனை ஆக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டேன். அவர் சுளகில் அரிசி கொழித்துக்கொண்டிருந்தார். “பெரியம்மா, எல்லாத்தையும் தின்னுறியள். அப்ப காசியிலை என்னத்தைத்தான் விட்டனீங்கள்?”

அவர் சொன்ன பதில் நல்ல பகிடி என்று விழுந்து விழுந்து சிரித்தேன். அன்று பின்னேரமே வாய்க்காலில் குளிக்க வந்த பெடியள் எல்லோருக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பித்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவுக்கும் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை, எழுந்து குசினிக்குள் போய்விட்டார். பகிடி விளங்காதவர் என்று அம்மாவைப் பற்றி வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்தப் பதிலைச் சொன்னபோது பெரியம்மா சுளகை நிறுத்தவுமில்லை, தலையை நிமிர்த்தவுமில்லை.

“உன்னைத்தான்.”